மடுல்சீமை மண்ணில் உப்பு

மலையில் உப்பு இருக்கிறது என்று நான் சொன்னதும் அந்த அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

பதுளையில் ஒரு கந்தோரின் மேல்மாடி அது. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் ஓர் உதவித் திட்டத்தின் அலுவலர்கள். மூலையில் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த விவசாய அதிகாரி ஒருவர் கைகளைக் கட்டிக்கொண்டு இருந்தார். என் பக்கத்தில் என் அக்கா. மடுல்சீமைப் பக்கத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிப்பவள். அன்றைக்கு வேலைக்குப் பேர் போடாமல், ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக் கோயில் சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். திட்டத்தின் தலைவர், உப்பு வேண்டுமென்றால் அம்பாந்தோட்டை உப்பளத்துக்குப் போக வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னார். மறுபடியும் சிரிப்பு.

நான் பையிலிருந்து ஒரு கண்ணாடிப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தேன். அக்கா மிளகாய் போடும் பொலித்தீன் கூடாரத்து மண்ணின் மேல் படிந்திருந்த வெள்ளைப் பொருக்கை அந்த வாரம்தான் சுரண்டி எடுத்திருந்தேன். அதை யாரும் தொடவில்லை.

அக்காவுக்கும் கூடாரத்துக்கும் உள்ள கதையைச் சொல்ல வேண்டும். நாங்கள் பிறந்தது தெமோதரைக்கு மேலே உள்ள தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிய ஒற்றை அறை வீடுகளில் ஒன்றில். அக்கா பத்தாம் வகுப்போடு கொழுந்து பறிக்க மலைக்குப் போனாள். நான் தொண்ணூறுகளின் நடுவில் பதுளையில் உயர்தரம் படித்தேன். தமிழில் விஞ்ஞானம் படிக்க வந்தவர்கள் எங்கள் வகுப்பில் ஒரு கைப்பிடிதான். இரசாயனத்துக்கு ஆசிரியர் வருவார், மாற்றம் கேட்டுப் போய்விடுவார். கலைப்பிரிவுக்கு மாறிக்கொள், ஆசிரியை வேலையாவது கிடைக்கும் என்று பள்ளியில் எல்லோரும் சொன்னார்கள். மாறமாட்டேன் என்றேன். முதல் தடவை தேறவில்லை. மறுபடியும் எழுதி, மலைக்கு அப்பால் இருந்த பல்கலைக்கழகம் ஒன்றில் விவசாய பீடத்துக்குப் போனேன். ஊரில் அதைக் கேட்டவர்கள், தோட்டத்துப் பிள்ளை விவசாயம் படிக்க அவ்வளவு தூரம் போக வேண்டுமா, இங்கேயே மம்பட்டி இருக்கிறதே என்று கேலி பேசினார்கள்.

அக்கா கலியாணம் கட்டி மடுல்சீமைக்குப் போனாள். இரண்டாயிரத்துக்குப் பிறகு அந்தத் தோட்டத்தில், தேயிலை கைவிடப்பட்ட ஒரு துண்டு நிலத்தில், உதவித் திட்டம் ஒன்று பெண்கள் சங்கத்துக்கு ஒரு பொலித்தீன் கூடாரம் போட்டுக் கொடுத்தது. இரும்புக் குழாய் வளைவுகள், மேலே தடித்த பொலித்தீன், பக்கங்களில் வலை, உள்ளே குடைமிளகாய். ஒவ்வொரு வரிசையும் ஒரு பெண்ணுக்கு. அக்காதான் சங்கத்தின் தலைவி. கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டுக் கூடை இறக்கியதும் அந்தப் பெண்கள் வீட்டுக்குப் போகாமல் நேரே கூடாரத்துக்குப் போவார்கள். முதல் இரண்டு போகமும் பதுளைச் சந்தைக்காரர்கள் லயத்து வாசலுக்கே லொறி அனுப்பினார்கள். அந்த நாட்களில் அக்கா போனில் பேசினால் குரலே வேறு மாதிரி இருக்கும்.

பிறகு இலை ஓரங்கள் கருகத் தொடங்கின. காய்கள் அடியில் கறுத்தன. புது நாற்று நட்டால் வேர் பிடிக்காமல் வாடியது. திட்டத்துக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, தண்ணீர் சரியாக விடுவதில்லை, உரம் சரியாகப் போடுவதில்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். அந்தக் கூடாரத்தைக் கழற்றி வேறு ஊருக்குக் கொடுக்கத்தான் அன்றைக்கு அந்தக் கூட்டம்.

அப்போது நான் அதே பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். மண்ணைக் கொண்டுபோய்த் தண்ணீரில் கரைத்து உப்பை அளக்கும் மீற்றரை வைத்துப் பார்த்தபோது எனக்கே நம்ப முடியவில்லை. கடலோர வயல் மண்ணைப் போல இருந்தது. வேறு மீற்றர் வாங்கி மறுபடியும் பார்த்தேன். அதே முடிவு. யோசித்தால் காரணம் வெளிச்சமாகத் தெரிந்தது. மலையில் பெய்கிற மழை எல்லா உப்பையும் கழுவிக்கொண்டு ஆற்றுக்குப் போய்விடும். கூடாரத்துக்குள் மழை விழுவதே இல்லை. குழாய்த் தண்ணீர் செடி குடிக்கிற அளவுக்கு மட்டும் சொட்டுகிறது. போட்ட உரத்தில் செடி எடுத்தது போக மீதி மண்ணிலேயே தங்கி, வெயிலில் மேலே ஏறி, வெள்ளையாகப் படிகிறது. கடல் உப்பு அல்ல, உரத்தின் உப்பு. ஆனால் வேருக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

இதை நான் கூட்டத்தில் சொன்னேன். தலைவர், அப்படியானால் அளவுக்கு மேல் உரம் போட்டது யார் என்று கேட்டார். அவர் முகத்தில் வழக்கைத் தீர்த்துவிட்ட நிம்மதி இருந்தது.

"உங்கள் ஆட்கள் கூடாரத்துக் கதவில் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறார்கள்" என்றேன். "எந்த வாரம் எந்த உரம், எவ்வளவு என்று அதில் இருக்கிறது. இவர்கள் அதை ஒரு வாரம்கூடத் தவறவிடவில்லை. கவனமில்லாமல் இருந்திருந்தால் இந்த மண் கெட்டிருக்காது. நீங்கள் சொன்னதை அப்படியே செய்ததால்தான் கெட்டது."

சிரிப்பு நின்றது. அக்காவுக்குச் சிங்களம் நன்றாகவே புரியும். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

கடைசியில் ஒரு தவணை கொடுத்தார்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் அந்தக் கூடாரத்திலிருந்து ஓர் அறுவடை காட்ட வேண்டும். இல்லையென்றால் லொறி வரும்.

கீழே இறங்கும்போது யாழ்ப்பாணத்து அதிகாரி படிக்கட்டில் என்னை நிறுத்தினார். "உப்பு எண்டால் எனக்குத் தெரியும், பிள்ளை. எங்கட ஊரில கிணத்துத் தண்ணியே உவர். நீர் சொன்னது சரி. ஆனால் கழுவாமல் உப்புப் போகாது. கழுவ இப்ப தண்ணிக்கு எங்க போவீர்?" என்றார்.

அவர் கேட்டது நியாயம். வரப்போவது கச்சான் காற்று வீசும் வறண்ட காலம். ஊவாவில் தேயிலைக்கு வாசம் ஏறும் மாதங்கள் அவை. லயத்துக் குழாயில் குடிக்கவே தண்ணீர் நூலாகத்தான் வரும். மண்ணைக் கழுவ வேண்டுமென்றால் மழையே வர வேண்டும். மழை வருவதற்கு முன்னால் அறுவடை வேண்டும். அதுவரைக்கும் செடி உப்பிலேயே நின்று காய்க்க வேண்டும்.

அதற்கு ஒரு வழி இருக்கலாம் என்று நான் படித்துக்கொண்டிருந்தேன். சிலிக்கா என்பது மணலிலும் உமியிலும் இருக்கிற பொருள்தான். அதை மிகமிக நுண்ணிய துணிக்கைகளாக, கண்ணுக்கு மட்டுமல்ல சாதாரண நுணுக்குக்காட்டிக்கும் தெரியாத நனோ துணிக்கைகளாக ஆக்கிக் கொடுத்தால், செடி அதை வேரிலும் இலையிலும் வாங்கிக்கொண்டு உப்பை ஓரளவு தடுக்கிறது, தண்ணீரை இழக்காமல் பிடித்துக்கொள்கிறது என்று வெளிநாடுகளில் எழுதத் தொடங்கியிருந்தார்கள். என் ஆய்வு மேற்பார்வையாளரிடம் சொன்னேன். நெல் சிலிக்காவை விரும்பிக் குடிக்கும், மிளகாய் இனம் அப்படிக் குடிக்காது, வீண் வேலை என்றார். அப்படியானால் நாற்றின் வேரை அதில் நனைத்து நடுகிறேன், இலையிலும் தெளிக்கிறேன் என்றேன். ஆய்வுகூடத்தை இரவில் திறக்க முடியாது, பகலில் மற்றவர்கள் வேலை முடிந்த பிறகு வேண்டுமானால் செய்துகொள் என்றார். அதை நான் அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

மகியங்கனைப் பக்கத்து ஆலை ஒன்றிலிருந்து உமி கொண்டுவந்தேன். அதை உலையில் வெள்ளைச் சாம்பலாகும் வரை எரித்து, காரத்தில் கொதிக்கவைத்து வடித்து, வடித்த நீரில் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினால் ஒரு கட்டத்தில் அது கஞ்சி போல உறையும். காரமும் அமிலமும் சேர்ந்ததால் அந்தக் கஞ்சியில் முழுக்க உப்பு. உப்பில் சாகிற செடிக்கு மருந்து என்று உப்பையே கொண்டுபோய் ஊற்ற முடியாது. ஆகவே கழுவினேன், கழுவிக்கொண்டே இருந்தேன். கழுவிய நீரில் மீற்றர் உப்புக் காட்டாமல் போகும் வரைக்கும் கழுவினேன். காயவைத்து அரைத்தபோது மாவை விட மென்மையான தூள் கிடைத்தது. அதை ஒரு பால்மா டின்னில் போட்டு மூடினேன்.

யுத்தம் மறுபடியும் மூண்டிருந்த காலம் அது. பதுளைக்கு ரயிலில் வந்து, பசறை போகும் பஸ்ஸில் ஏறினேன். வழியில் சோதனைச் சாவடி. எல்லோரையும் இறக்கிப் பைகளைத் திறந்தார்கள். அடையாள அட்டையைப் பார்த்தார்கள், என் முகத்தைப் பார்த்தார்கள், டின்னைத் திறந்தார்கள். தமிழ்ப் பெண்ணின் பையில் வெள்ளைத் தூள். பஸ்ஸை அனுப்பிவிட்டு என்னை வைத்துக்கொண்டார்கள்.

இது உமிச் சாம்பலில் எடுத்தது, மிளகாய்ச் செடிக்கு என்று சிங்களத்தில் சொன்னேன். அந்த இளைய சிப்பாய் நம்பவில்லை. தூளை ஓரத்தில் கொட்டிவிட்டுப் போகச் சொன்னான். கொட்டமாட்டேன் என்றேன். பயமில்லாமல் சொன்னதாக இப்போது எழுதினால் அது பொய். ஆனால் அந்தத் தூளுக்குப் பின்னால் பல வாரத்து வேலை இருந்தது. அதற்குப் பின்னால் அக்காவின் கூடாரம் இருந்தது. நான் ஒரு சிட்டிகை எடுத்து அவன் கண் முன்னால் வாயில் போட்டுக்கொண்டேன். சுவையே இல்லை. அந்த நிலையிலும், நன்றாகத்தான் கழுவியிருக்கிறேன் என்று மனம் சொன்னது.

அவன் சாவடிக்குப் பெரியவனைக் கூப்பிட்டான். பெரியவன் பல்கலைக்கழகத்துக்குப் போன் எடுத்தான். வீண் வேலை என்று சொன்ன அதே மேற்பார்வையாளர், இந்தப் பெண் என் மாணவி, அந்தத் தூள் எங்கள் ஆய்வுகூடத்துச் சொத்து, ஒரு துளியும் குறையாமல் திருப்பிக் கொடுங்கள் என்று கத்தியது போனுக்கு வெளியே கேட்டது. வெயில் சாய்ந்த பிறகு டின்னைக் கொடுத்தார்கள். மடுல்சீமைக்குக் கடைசி பஸ் போய்விட்டது. பசறையில் தெரிந்த ஒரு வீட்டில் படுத்துவிட்டு விடிந்ததும் போனேன்.

அங்கே வேறொரு சண்டை காத்திருந்தது. தூள் கலந்த தண்ணீரை எல்லா வரிசைக்கும் கொடுக்கக் கூடாது, ஒரு வரிசையாவது வெறும் தண்ணீரோடு இருக்க வேண்டும் என்று நான் சொன்னேன். அப்போதுதான் தூளால் பலன் வந்ததா, வேறு எதனாலாவது வந்ததா என்று சொல்ல முடியும்.

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப அந்த வரிசை செத்துப் போவட்டும்னு விட்டுடுறதா? அது யாரு வரிசைடி? எந்தப் பொம்பளகிட்டப் போயி ஒன் செடி சாகணும்னு சொல்லச் சொல்ற?"

சீட்டுக் குலுக்கி எடுக்கலாம் என்று முணுமுணுத்தேன். ஆய்வுகூடத்தில் அப்படித்தான் செய்வோம். சுற்றி நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருத்தியின் கணவன் விழுந்து இடுப்பு உடைந்து கிடந்தான். இன்னொருத்திக்கு மகளின் பள்ளிக்கூடச் செலவு. சீட்டுக் குலுக்கினால் யாருடைய பெயர் வந்தாலும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அக்கா நடுவில் இருந்த தன் வரிசையைக் காட்டினாள். "இத வெறும் தண்ணியில விடு. ஒனக்குச் சாட்சி வேணும்னா என் செடி சாட்சி சொல்லட்டும். அவங்க யாரு வரிசையிலயும் கைய வைக்காத."

நாற்றுகளின் வேரைத் தூள் கலந்த நீரில் நனைத்து நட்டோம். அக்காவின் நாற்றுகளை மட்டும் வெறும் தண்ணீரில் நனைத்தோம். எல்லா வரிசைக்கும் உரத்தை நிறுத்தினோம். கதவில் இருந்த அட்டையை அக்கா கிழித்து அடுப்பில் போட்டாள். வாரத்துக்கு ஒருமுறை வெயில் ஏறுமுன் பெண்கள் தூள் நீரை இலைக்குத் தெளித்துவிட்டு, காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்கு ஓடுவார்கள். பேர் போட நேரமாகிவிட்டது என்று கங்காணி கத்துவார்.

முதலில் எல்லா வரிசையும் ஒரே மாதிரிதான் நின்றது. நான் சோர்ந்துபோனேன். ஆடி மாதக் காற்று பொலித்தீனைப் படபடவென்று அடித்த நாட்களில் வித்தியாசம் தெரிய ஆரம்பித்தது. மற்ற வரிசைகளின் இலைகள் சிறியவைதான், ஆனாலும் பச்சையாக நின்றன. அக்காவின் வரிசை ஓரம் கருகி, மதியத்தில் தலை தொங்கி, மாலையிலும் நிமிராமல் கிடந்தது. நான் வரும்போதெல்லாம் அவள் அந்த வரிசையைப் பார்க்காமல் பேசினாள். ஒருநாள் இனிப் போதும், உன் வரிசைக்கும் கொடுத்துவிடலாம் என்றேன். ஏற்கெனவே நிரூபணமாகிவிட்டது என்றும் சொன்னேன். "காய்க்கட்டும். பொறவு சொல்லு" என்றாள்.

காய் பிடித்திருந்த சமயத்தில், தவணை முடியுமுன்னே, லொறி வந்துவிட்டது. வேறு ஊருக்கு அவசரமாம். நான் அன்றைக்கு அங்கேதான் இருந்தேன். பெண்கள் மலையில். அக்காவுக்கு யாரோ ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறார்கள். பாதி நிறைந்த கூடையோடு இறங்கி வந்தாள். பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். கொழுந்துக்கு விலை ஏறும் காலத்தில் வேலையை விட்டு இறங்குவது சின்ன விஷயம் அல்ல. தோட்டத்துத் துரை அன்றைக்கு எல்லோருக்கும் அரைப்பேர்தான், அரைநாள் சம்பளம்தான் போட்டார்.

சாவியைக் கேட்டார்கள். அக்கா, சாவி என்னிடம்தான் இருக்கிறது, தரமாட்டேன் என்றாள். ஒப்பந்தப்படி கூடாரம் திட்டத்துக்குச் சொந்தம் என்று அலுவலர் சொன்னார்.

"குழாயும் பொலித்தீனும் ஒங்களுதுங்க, ஐயா. உள்ள இருக்கிற செடி எங்களுது. செடியில கை படாம கூடாரத்தக் கழட்ட முடியும்னா கழட்டிக்கிட்டுப் போங்க."

அவர் பெண்களைப் பார்த்தார். அவர்கள் கதவின் முன்னால் நிற்கவும் இல்லை, கூச்சல் போடவும் இல்லை. அக்கா கதவைத் திறந்துவிட, உள்ளே போய்த் தங்கள் தங்கள் வரிசையில் குந்தி, தொங்கிய கிளைகளைக் கயிற்றில் கட்டத் தொடங்கினார்கள். இருபுறமும் காய்கள் தொங்கின. லொறிக்காரர் இறங்கி ஒரு பீடி பற்றவைத்தார். பீடி முடிந்ததும் வண்டியைத் திருப்பினார்.

அறுவடையன்று யாழ்ப்பாணத்து அதிகாரி பஸ் ஏறித் தானாகவே வந்தார். வரிசை வரிசையாக நடந்தார், அக்காவின் வரிசைக்கு வந்ததும் நின்றார். அதில் பாதிக்கு மேல் செத்திருந்தது. மிச்சத்தில் எலுமிச்சை அளவு காய்கள். இரண்டு பக்கத்திலும் இருந்த வரிசைகளில் காய் சின்னது என்றாலும் சந்தைக்குப் போகக்கூடிய காய்.

"இப்ப மண்ணில உப்புக் குறைஞ்சிருக்கோ?" என்று என்னைக் கேட்டார்.

"இல்லை, சேர். அப்படியேதான் இருக்கு. செடிதான் தாங்குது."

"எத்தினை போகத்துக்குத் தாங்கும்?"

எனக்குத் தெரியாது என்றேன். பக்கத்தில் நின்ற அக்கா குறுக்கிட்டாள். "எதுக்குங்க தாங்கிக்கிட்டே இருக்கணும்? மழை வந்தா மேல உள்ளதக் கழட்டுறோம்."

எனக்குள் பல நாட்களாகக் கிடந்த ஓர் எரிச்சலுக்கு அவள் வார்த்தை கொடுத்துவிட்டாள். உப்பைத் தாங்கும் திறன் என்று என் பாடப்புத்தகங்களில் வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒருவிதக் கசப்பு வரும். எங்கள் சனத்தைப் புகழ்கிறவர்களும் இதே சொல்லைத்தான் சொல்வார்கள். அட்டைக்கடியைத் தாங்குவார்கள், குளிரைத் தாங்குவார்கள், ஒற்றை அறையைத் தாங்குவார்கள். தாங்குகிறவர்களுக்கு மேலும் மேலும் ஏற்றுவதற்கு அந்தப் புகழ்ச்சி வசதியாக இருக்கிறது. என் தூள் செய்தது ஒரு போகத்துக்கு நேரம் வாங்கிக் கொடுத்ததுதான். அது பெரிய வேலை. ஆனால் அதை வைத்துக்கொண்டு இன்னும் உரம் கொட்டலாம் என்று யாராவது சொன்னால், அவர்களுக்கு என் ஆய்வைக் காட்டமாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்ததும் பெண்கள் பொலித்தீனைக் கழற்றிச் சுருட்டி லயத்துக் கோடியில் வைத்தார்கள். ஒப்பந்தத்தில் அதற்கு இடமில்லை என்று பதுளையிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். மழை தன் பாட்டுக்குப் பெய்தது. மார்கழியில் நான் மண்ணை எடுத்துப் பார்த்தபோது மீற்றரின் முள் சாதாரணத் தோட்டத்து மண்ணுக்கு இறங்கியிருந்தது. பிறகு ஒவ்வொரு ஆண்டும் மழைக்குக் கூரை கழற்றுவது அந்தச் சங்கத்தின் வழக்கமாயிற்று. உரத்தையும் பாதியாகக் குறைத்துக்கொண்டார்கள்.

என் ஆய்வேட்டுப் பரீட்சையில் ஒரு பேராசிரியர், இது உண்மையிலேயே நனோ துணிக்கைதான் என்பதற்கு என்ன சான்று என்று கேட்டார். வெளிநாட்டில் இருந்த ஒரு தோழி மூலம் எடுத்த இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படத்தைக் காட்டினேன். துணிக்கைகள் பல ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக இருந்தன, எல்லாம் நான் ஆசைப்பட்ட அளவில் இல்லை. அதையும் சொன்னேன். ஒரே ஒரு கூடாரம், ஒரே ஒரு வெறும் வரிசை, இது போதாது என்றார். போதாதுதான், இன்னும் செய்ய வேண்டும் என்றேன். பிறகு அவர் சற்றுத் தயக்கத்தோடு, தோட்டத் தொழிலாளர்கள் தரவுகளை ஒழுங்காகப் பேணியிருப்பார்களா என்று கேட்டார். அந்த வெறும் வரிசை யாருடையது, அது எப்படி வெறும் வரிசையாக இருந்தது என்று விளக்கினேன். மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது தன் செடிகளை மட்டும் சாகவிட்ட ஒரு விவசாயியை உங்கள் பரிசோதனைகள் எதிலாவது கண்டிருக்கிறீர்களா என்று திருப்பிக் கேட்டேன். மேற்பார்வையாளர் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். பட்டம் கொடுத்தார்கள்.

அடுத்த ஆண்டு திட்டத்துக்காரர்கள் மறுபடியும் மடுல்சீமைக்கு வந்தார்கள். இந்தத் தடவை லொறி இல்லை, புகைப்படக்காரர் ஒருவர் இருந்தார். தங்கள் திட்டத்தின் வெற்றி என்று எங்கேயோ அச்சிட வேண்டுமாம். பெண்களைக் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு, தலையில் துணி போட்டுக்கொண்டு கூடாரத்துக்கு வெளியே வரிசையாக நிற்கச் சொன்னார்கள். அப்படி நின்றால்தான் பார்க்கிறவர்களுக்குத் தோட்டம் என்று தெரியுமாம்.

அக்கா கையில் தெளிகருவியோடு வெளியே வந்து அவர்கள் சொன்னதைக் கேட்டாள்.

"கூடையோட நிக்கணும்னா நாளைக்கு மலைக்கு வாங்க, அங்க நிக்கிறோம். இங்க வேற வேலையில இருக்கோம்" என்றாள். கூடாரத்துக்குள் போனாள். புகைப்படக்காரர் சிறிது நேரம் வெளியே நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அவரும் உள்ளே போனார்.